கொழும்பில் ஒரு மீன் அறை வேண்டும்: தேசிய விஞ்ஞான மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மன்றத்தினருக்கு,

வணக்கம். கொழும்பில் மருந்தியல் ஆய்வு செய்யும் மாணவி நான். மருந்துகளைச் சோதிக்க உதவும் வரிக்குதிரை மீன் (zebrafish) என்ற சிறிய நன்னீர் மீனை வளர்க்கும் பொது ஆய்வறை ஒன்றுக்கு இங்கே நிதி ஒதுக்குங்கள். நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்து மாணவரும் வந்து பயன்படுத்தக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ சித்த மருத்துவம் படிக்கும் ஒரு பிள்ளை மூலிகையிலிருந்து ஒரு சேர்வையைப் பிரித்தெடுத்தால், கைக்கு வருவது பெரும்பாலும் சில மில்லிகிராம்தான். எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அது காணாது. இந்த மீனின் கருவுக்குத் தாராளமாகக் காணும். 96 சிறு குழிகள் உள்ள ஆய்வுத் தட்டில் குழிக்கு ஒரு கரு, கொஞ்சம் தண்ணீர், அதில் கரைத்த மருந்து, அவ்வளவுதான். இரண்டாம் நாள் நுணுக்குக்காட்டியில் வைத்தால், கண்ணாடி போன்ற உடலுக்குள் இதயம் துடிப்பதும், வாலில் குருதிக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதும் அப்படியே தெரியும். மருந்து இதயத்துக்கு ஆகாதென்றால் துடிப்பு தளரும், இதயத்தைச் சுற்றி நீர் கோத்து வீங்கும். வெட்டிப் பார்க்கத் தேவையே இல்லை.

மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை உண்டென்று 2013இல் தெரியவந்தது. க்ளெமிசோல் என்ற பழைய ஒவ்வாமை மருந்து குழந்தைகளுக்கு வரும் கடுமையான ட்ராவே வலிப்பு நோய்க்கு உதவக்கூடும் என்று அதே ஆண்டு காட்டியதும் இந்த மீன்தான். மீனுக்கு நல்லது மனிதருக்கும் நல்லதாகிவிடாது, சரி. தண்ணீரில் கரையாத மருந்துகளோடு படும் பாடும் உண்டு. ஆனாலும் ஆகாததை முதலிலேயே கழித்துவிடலாம். அத்தனை எலிகளும் பிழைக்கும்.

வெள்ளவத்தையில் ஒரு மீன்கடையில் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். இந்த மீனை ஆய்வுக்குக் கொண்டுவந்த அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கரும் கடை மீனோடுதான் தொடங்கினார். ஆனால் அவர் அதிலிருந்து ஒரே சீரான வம்சங்களை உருவாக்கினார். வம்சமும் நோயும் தெரியாத மீனில் இன்று கிடைக்கும் முடிவு நாளைக்குக் கிடைக்காது. வம்சம் தெரிந்த மீன், 28 பாகை வெப்பத்தில் சுத்தமான நீர், 14 மணித்தியால வெளிச்சம் எல்லாம் வேண்டும்.

2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பம்பி நின்றால் நெருக்கமாக வளர்க்கும் மீன் தாங்காது. ஆகவே தொட்டிகளுக்கு மட்டும் காசு ஒதுக்கி நிறுத்திவிடாதீர்கள். மின்கல வசதியும், ஞாயிற்றுக்கிழமையும் வந்து தீனி போடும் நிரந்தர ஊழியர் ஒருவரின் சம்பளமும் அதே வரவுசெலவில் இருக்கட்டும். வெளி மாவட்ட மாணவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆய்வு மாணவி, கொழும்பு