சித்தப்பா, அந்தச் செல்லாத ஓட்டு என்னோடது

சித்தப்பா,

பஞ்சாயத்துத் தலைவருக்குத் திரும்ப நிக்கப்போறீங்கன்னு சித்தி போன்ல சொன்னுச்சு. 2025 ஜனவரி 5ஓட பழைய ஆளுக பதவிக்காலம் முடிஞ்சு பஞ்சாயத்து தனி அலுவலர் கைக்குப் போனப்பவே எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. ஓட்டு கேட்டு எங்க வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிரணும். நேர்ல வாய் வரல, அதான் இங்க. ஊர் ஆளுகளும் படிப்பாங்க, அதனால யார் வந்தா, யார் குடுத்தான்னு பேரு போட மாட்டேன்.

2019 டிசம்பர், ஓட்டுக்கு முந்துன நாள் ராத்திரி பத்தரை இருக்கும். உங்கள எதிர்த்து நின்ன ஆளுக்காக ரெண்டு பேரு வந்தாய்ங்க. ஓட்டுக்கு 500, எங்க வீட்டுக்கு 2000. தட்டுல பணத்தோட சூடமும். சொந்தக் கொழுந்தன் நிக்கிறாரு, வேணாம்பான்னு அம்மா ரெண்டு தடவ சொன்னுச்சு, மூணாவது தடவ சொல்லல. அப்பா போயி ஆறு மாசம், தங்கச்சிக்கு காலேஜ் பஸ் பீஸு கட்டல, சித்தப்பாகிட்ட கேப்போமேன்னு நான் அன்னைக்குச் சாயங்காலந்தான் சொல்லியிருந்தேன், "எலெக்‌ஷன் நேரத்துல போயி கேட்டா ஓட்டுக்கு காசு கேட்ட மாதிரி ஆயிரும்டா"ன்னுச்சு. இப்படிச் சொன்ன அதே மனுசிதான் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுச்சு.

குடுக்குறவன் மட்டுமில்ல, வாங்குறவனும் குத்தவாளின்னு இந்திய தண்டனைச் சட்டம் 171பி பிரிவ டீக்கடையில வாசிச்சுக் காட்டுன ஆளு நீங்க. ஆனா அம்மாவுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது, கை நீட்டி வாங்கிட்டு மாத்திக் குத்துனாத்தான் அதுக்குப் பாவம். அதுவும் நேர்மைதானே சித்தப்பா? தப்பான ஆளுகிட்ட நேர்மையா இருந்துருச்சு, அவ்வளவுதான். இத நினைச்சு நினைச்சு ஆறு வருஷமா எனக்குக் கொழப்பம்.

மறுநா காலைல நீங்க பள்ளிக்கூடத்துக்கு வெளிய, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தாண்ட வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டிருந்தீங்க. எல்லாரையும் கும்புட்டீங்க, என்னையப் பாத்து மட்டும் கும்புடல. "சாப்ட்டியாடா?"ன்னீங்க. ம்னேன். சாப்புடல.

உள்ள அந்த ரோஸ் கலர் சீட்டு. உங்க பூட்டு சாவி மேல இருந்துச்சு, அந்தாளு சின்னம் ரெண்டு வரி கீழ. அட்டை மறைப்புக்குள்ள எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல, பூத் ஆபீசர் "தம்பி, சீக்கிரம்"னாரு. நான் உங்களுக்கும் குத்துனேன், அவனுக்கும் குத்துனேன்.

2020 ஜனவரி 2 எண்ணுனப்ப 19 ஓட்டுல போச்சு, செல்லாதது 37. பாவம் படிக்காத சனம், குத்தத் தெரியலன்னு அன்னைக்கு ராத்திரி பூரா பொலம்புனீங்க. பக்கத்துல உக்காந்து பி.இ. படிச்சவன் நானும் தலையாட்டுனேன். எங்க நாலு ஓட்டும் உங்களுக்கு விழுந்திருந்தாலும் தோத்துத்தான் இருப்பீங்க, கணக்கு போட்டுப் பாத்துட்டேன். பல தடவ போட்டுப் பாத்தேன்.

மன்னிச்சிருங்க. ஆனா ஒண்ணு, பென்ஷன் வர்ற வீட்டுல நேர்மையா இருக்குறதும் எங்க வீட்டுல இருக்குறதும் ஒண்ணில்ல. எனக்கு வேலைக்கு ஒரு வார்த்த சொல்லச் சொன்னப்ப "ரெகமண்டேஷனா? என் வாயால வராது"ன்னீங்களே, அன்னைக்கு அம்மா மூஞ்சியப் பாத்தீங்களா நீங்க?

சின்ன வயசுல தும்பைப்பட்டியில கக்கன் மணிமண்டபத்துக்கு சைக்கிள்ல கூட்டிட்டுப் போனீங்க. பத்து வருஷம் மந்திரியா இருந்த மனுசன் மதுரை பெரியாஸ்பத்திரியில சாதாரண வார்டுல கெடந்ததச் சொல்றப்ப உங்க தொண்ட அடைச்சுக்கிருச்சு. 1967ல அவர மேலூர்லயே தோக்கடிச்சத மட்டும் நீங்க சொல்லல, அது நானா பின்னால படிச்சது. அப்பவும் நம்ம சனந்தானே ஓட்டு போட்டுச்சு. இதச் சொன்னா கோவப்படுவீங்க. சைக்கிள் பின்னால உக்காந்து உங்க சட்டையப் புடிச்சுக்கிட்டு வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

இந்தத் தடவ ஒரு அட்டையில எல்லாச் சின்னத்தையும் வரைஞ்சு, எப்படிக் குத்தணும்னு கெழவிகளுக்கு வகுப்பு எடுக்கப்போறீங்களாம், சித்தி சிரிச்சுக்கிட்டே சொன்னுச்சு. எடுங்க. அம்மாவையும் கூப்புடுங்க, வரும். சூடத்தப் பத்தி மட்டும் அதுகிட்ட கேக்காதீங்க சித்தப்பா.