அம்முவுக்கு, ஹோல்டிங் பத்தி

அம்மு,

அம்பயர் தப்பு பண்ணா கமெண்ட்ரில அதைப் பத்தி பேசாதீங்கன்னு மெயில் வந்துச்சுன்னு போன்ல சொன்னல்ல, உங்கப்பா வழக்கம்போல "வேலைய மட்டும் பாக்கச் சொல்லு"ன்னுட்டு பேப்பருக்குள்ள போயிட்டார், எனக்கு மைக்கேல் ஹோல்டிங் ஞாபகம்தான் வந்துச்சு, அந்தக் கால வெஸ்ட் இண்டீஸ் ஃபாஸ்ட் பவுலர், அப்புறம் கமெண்ட்டேட்டரா ஆனவர்.

2019 வேர்ல்டு கப், டிரென்ட் பிரிட்ஜ்ல வெஸ்ட் இண்டீஸ் ஆஸ்திரேலியா மேட்ச். வெஸ்ட் இண்டீஸ் கெய்ல் எல்பி ஆனார்ல, அதுக்கு முந்தின பால் போட்டப்போ ஆஸ்திரேலியா பவுலர் ஸ்டார்க் கால் கிரீஸத் தாண்டி எங்கயோ இருந்துச்சு, அம்பயர் நோ பால் குடுக்கல, குடுத்திருந்தா அவர் அவுட்டான பாலே ஃப்ரீ ஹிட், அதுல எல்பி அவுட்டே கிடையாது. ஹோல்டிங் மைக்லயே அம்பயரிங்க கிழிச்சுட்டார். அவருக்கும் உனக்கு வந்த மாதிரியே மெயில் போச்சு. இதே ஃபுட்பால் ரெஃப்ரீயா இருந்தா மூட்டையக் கட்டச் சொல்லியிருப்பாங்க, நீங்க சொல்றத நான் ஒத்துக்கல, அடுத்த மேட்சுக்கு கார்டிஃபுக்கு வரணுமா வேண்டாமான்னு சொல்லுங்கன்னு பதில் போட்டார் மனுஷன்.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படி கேக்க அவரால எப்படி முடிஞ்சுது? 60 டெஸ்ட், 249 விக்கெட், 1976ல ஓவல்ல ஒரே மேட்ச்ல 14 விக்கெட் எடுத்த ஆளு. அதோட, எழுந்து போறது அவருக்குப் பழகிப்போச்சு. 2006 ஓவல் டெஸ்ட்ல பாகிஸ்தான் ஆட வராததால இங்கிலாந்து ஜெயிச்சதா குடுத்த ரிசல்ட்ட, கிரிக்கெட்ட நடத்தற ஐசிசி ரெண்டு வருஷம் கழிச்சு டிரான்னு மாத்தினப்போ அவங்க கமிட்டில இருந்து ராஜினாமா பண்ணார். ஐபிஎல்ல அவ்ளோ காசு, நான் கிரிக்கெட்டுக்குத்தான் கமெண்ட்ரி பண்ணுவேன்னுட்டு அந்தப் பக்கமே போகல. பொறுமைசாலியும் கிடையாது, 1980ல நியூசிலாந்துல டுனெடின்ல அம்பயர் அவுட் குடுக்கலன்னு ஸ்டம்ப்பையே எட்டி உதைச்சவர் (அதுக்கு நீ போகாத).

2020ல சவுத்தாம்ப்டன்ல மழைல மேட்ச் நின்னப்போ நிறவெறி பத்தி பேசினார்ல, நீ கூட எனக்கு லிங்க் அனுப்பின. மறுநாள் இன்னொரு பேட்டில அழுதுட்டார், புருஷன் ரொம்ப கறுப்புன்னு அவங்கம்மாவோட வீட்டாளுங்க பேச்சையே நிறுத்திட்டாங்களாம். நம்ம ஊர்ல நடக்காததா என்ன, உன்னப் பொண்ணு பாக்க வந்தவங்க கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஆறல. குரல உசத்தாமலே எல்லாத்தையும் சொன்னார் பாரு, அதத்தான் உன்கிட்ட சொல்ல வந்தேன்.

நீ பேசு, நான் தடுக்கல. ஆனா ரீப்ளேல கால் எங்க இருந்துச்சோ அத மட்டும் சொல்லு, அம்பயருக்குப் பட்டப்பேரு வைக்காத. ராஜினாமா பண்றேன்னு மிரட்டறதுன்னா நெஜமாவே போகத் தயாரா இருக்கணும், உன் பேங்க்ல ஆறு மாச வாடகை இருக்கா? இல்லன்னா முதல்ல அத சேரு. மும்பை வாடகை நாங்க அனுப்பற அளவுல இல்ல.

பதில் எழுதினா அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி போடு, கோவத்துல நீ பாதி வாக்கியத்த முழுங்கிடுவ.

அம்மா