கை தூக்குவதற்கு முன் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலக் காவல் துறைத் தலைவரான டி.ஜி.பி. பதவிக்கு முழுநேர ஆளை நியமிக்கும் விவகாரம் பேச்சுக்கு வரும்போதெல்லாம், "அமெரிக்காவில் நகர மன்ற உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத்தான் போலீஸ் தலைவரை உறுதி செய்கிறார்கள்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். என் மகன் குடும்பம் சிகாகோவில் இருப்பதால் அந்த ஊர்க் கதை எனக்குக் கொஞ்சம் பழக்கம். சிகாகோவில் ஓட்டுப் போடுவது நிஜம்தான். அந்த ஓட்டு எப்படி விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2014-ல் லக்வான் மெக்டொனால்டு என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனை ஒரு போலீஸ்காரர் 16 முறை சுட்டுக் கொன்றார். வீடியோ வெளியே வர ஓராண்டுக்கு மேல் ஆனது, அதுவும் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு. ஊர் கொந்தளித்ததும் மேயர் ராம் இமானுவேல் போலீஸ் தலைவரை நீக்கினார். புதியவரைத் தேடிய போலீஸ் வாரியம் முறைப்படி மூன்று பேரைப் பரிந்துரைத்தது. மேயர் மூவரையும் ஒதுக்கிவிட்டு, விண்ணப்பமே போடாத எடி ஜான்சனைக் கொண்டுவந்தார். 1988-ல் பணியில் சேர்ந்த உள்ளூர்க்காரர், அனுபவசாலி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருக்காக, வாரியத்தின் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும் என்ற விதியையே நகர மன்றம் தளர்த்தியது. 2016 ஏப்ரலில் 50 உறுப்பினர்களும் ஆதரவு. அந்த மூவரிடம் என்ன குறை என்று கேட்டு எதிர்த்து ஓட்டுப் போட ஓர் ஆள் இல்லை.

2019 அக்டோபரில் ஓர் இரவு ஜான்சன் தன் காரில் தூங்கிக் கிடந்தார். மாத்திரைப் பிரச்சினை என்றார். உண்மையை மறைத்துவிட்டார் என்று சொல்லி அப்போதைய மேயர் லோரி லைட்ஃபுட், ஓய்வு பெறச் சில வாரங்களே இருந்தவரை டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பினார். இதை 2016-லேயே யாரும் ஜோசியம் பார்த்திருக்க முடியாது, சரி. ஆனால் முறையைத் தாண்டி ஒருவரை உட்கார வைத்ததற்குப் பொறுப்பு யாருடையது? 2023-ல் லாரி ஸ்னெல்லிங் வந்தபோதும் 48-0 தான். ஆனால் அந்த முறை பெயர்களைத் தேர்ந்தெடுத்தது குடிமக்கள் ஆணையம். மேயரும் அதன் பட்டியலிலிருந்தே எடுத்தார். எனக்கு அந்த 48 தான் மதிப்பானதாகப் படுகிறது.

நம் ஊரிலும் மூன்று பெயர்க் கணக்குதான். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க, அதில் ஒருவரை மாநில அரசு நியமிக்க வேண்டும். பொறுப்பு டி.ஜி.பி. என்ற பேச்சே கூடாது என்று 2018-ல் கறாராகவும் சொல்லியாயிற்று. அப்படியிருந்தும் 2025 ஆகஸ்ட் இறுதியில் தமிழ்நாட்டு டி.ஜி.பி. சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றதும் இங்கே நியமிக்கப்பட்டது பொறுப்பு டி.ஜி.பி.தான்.

நான் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன். இன்சார்ஜ் இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சொந்த ஸ்டேஷன் ஒன்று இருக்கும். மாலையில் ஜீப்பில் வந்து இறங்குவார், ஸ்டேஷனின் தினசரிப் பதிவேடான ஜி.டி.யில் கையெழுத்துப் போடுவார், டீ வருவதற்குள் கிளம்பிவிடுவார். சிக்கலான கேஸ் கட்டை நீட்டினால், "ரெகுலர் ஆள் வரட்டுமய்யா" என்பார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நாளைக்கே மாற்றினால் அந்த முடிவுக்கு யார் பதில் சொல்வது? ஒரு ஸ்டேஷனுக்கே இந்தக் கதி என்றால் மாநிலத்துக்கு?

டி.ஜி.பி.யை எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வேறு வம்பில் முடியும். பணியில் இருப்பவர் ஓய்வு பெற மூன்று மாதம் முன்பே தகுதியானவர்களின் பட்டியலை மாநில அரசு யு.பி.எஸ்.சி.க்கு அனுப்ப வேண்டும் என்பதும் அந்த 2018 உத்தரவில் இருக்கிறது. காவல் துறை மானியக் கோரிக்கை வரும்போது, தொகுதிக்குப் புது ஸ்டேஷன் கட்டடம் கேட்கிற உறுப்பினர்கள், ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும், பட்டியல் எந்தத் தேதியில் டெல்லிக்குப் போனது என்றும் எழுந்து கேட்கட்டும். பதில் அவைக்குறிப்பில் ஏறட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர்,
விருதுநகர்.