பசுமை வணிக ஒப்பந்தம் எழுதுவோருக்கு: கப்பலின் அடிப்பாகத்தையும் பாருங்கள்

காலநிலைக்கு உகந்த வணிக ஒப்பந்தங்களை வரையும் அமைச்சர்களுக்கும் பேச்சுவார்த்தைக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

2024 நவம்பர் 15 அன்று கோஸ்டா ரிகா, ஐஸ்லாந்து, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நான்கும் காலநிலையையும் வணிகத்தையும் இணைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 300-க்கும் மேற்பட்ட சுற்றுச்சூழல் பொருள்களுக்குச் சுங்கவரி நீக்கம், புதைபடிவ எரிபொருள் மானியங்களுக்குக் கடிவாளம்: மனதார வரவேற்கிறோம். இனி வரும் ஒப்பந்தங்களில் காலநிலைப் பிரிவையும் அயல் உயிரிகள் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் உயிரிப் பாதுகாப்புப் பிரிவையும் ஒரே மேசையில் வைத்து எழுதுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

எரிபொருளை மிச்சப்படுத்தக் கப்பல்களை மெதுவாக ஓட்டச் சொல்கிறோம். சரிதான். ஆனால் அடிப்பாகத்தில் பூசும் சில சிலிக்கோன் பூச்சுகளில், ஒட்டிய உயிரிகளை உதிர்ப்பதே கப்பலின் வேகம்தான். வேகம் குறைந்தாலோ நங்கூரமிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தாலோ முதலில் வழுவழுப்பான படலம் பிடிக்கும். அதன்மேல் கொட்டலசும் சிப்பியும். அவற்றின் இடுக்கில் நண்டு. அரை மில்லிமீட்டர் படலம் அடிப்பாகத்தில் பாதியை மூடினாலே உமிழ்வு 25 முதல் 30 விழுக்காடு வரை கூடலாம். மிச்சம் பிடித்தது வந்த வழியே போய்விடும்.

உயிரிகள் அதிகம் தங்குவது தட்டையான பக்கங்களில் அல்ல. கடல்நீரை உள்ளிழுக்கும் சல்லடைப் பெட்டி, முன்பக்க உந்துவிசிறியின் குழாய், சுக்கானின் மூட்டு ஆகிய மறைவிடங்களில்தான். மேலே பளபளவென்று சுரண்டிவிட்டு இவற்றைத் தொடாமல் விட்டால் பயனில்லை. சுரண்டியதை உறிஞ்சி வடிகட்டாமல் துறைமுகத்திலேயே உதிர்த்தால் இன்னும் மோசம்: ஐரோப்பியப் பச்சை நண்டு போன்ற வேட்டையாடிகளை நாமே இறக்கிவிட்டது போலாகும். கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றும் நிலைநீருக்கு 2017 முதல் கட்டாய உடன்படிக்கை நடைமுறையில் இருக்கிறது. அடிப்பாகத்துக்கு 2023-இல் திருத்திய வழிகாட்டுதல்கள் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. உங்கள் ஒப்பந்தம் கட்டுப்படுத்தட்டும். உறிஞ்சி வடிகட்டும் கருவிகளை வரிவிலக்குப் பட்டியலில் சேருங்கள்.

அடுத்தது, சரக்கிலுள்ள பூச்சிகளை நச்சு வாயுவால் கொல்லும் புகையூட்டல். மெத்தில் புரோமைடு ஓசோனை அரிப்பதால் பலர் சல்ஃபியூரில் ஃபுளோரைடுக்கு மாறுகிறார்கள். அதுவோ, 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 4,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது. காலநிலைக்கான கியோட்டோ உடன்படிக்கைப் பட்டியலின் ஏழு வகை வாயுக்களில் அது இல்லாததால் உமிழ்வுக் கணக்கிலிருந்து எளிதில் தப்பிவிடுகிறது. மரப் பலகைகளுக்கும் பெட்டிகளுக்கும் மாற்று வழி கையிலேயே இருக்கிறது: மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ், தொடர்ந்து 30 நிமிடம். தவறு நேர்வது பெரும்பாலும் வெப்ப அளவியை வைக்கும் இடத்தில். அறையின் காற்று 56-ஐத் தொட்டதுமே கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். தடித்த கட்டையின் உள்ளே அப்போதும் சூடு ஏறியிருக்காது. மிகத் தடித்த கட்டையில் துளையிட்டு, அளவியை நடுவில் செருகி, துளையை அடைக்க வேண்டும். அந்தப் பதிவையும் சான்றிதழோடு கேளுங்கள்.

சரக்குப் பெட்டகத்தில் எல்லோரும் கதவைத் திறந்து உள்ளே பார்க்கிறார்கள். பெட்டகத்தைத் தூக்கி அடியில் பாருங்கள். குறுக்குச் சட்டங்களின் இடுக்கிலும் ஃபோர்க்லிஃப்ட் நுழையும் பொந்திலும் எறும்புக் கூடும் முட்டைகளும் இருக்கும். பகலில் பாம்பும் சுருண்டு கிடக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழுப்பு மரப்பாம்பு குவாம் தீவுக்கு வந்தது சரக்கோடுதான். அது வேட்டையாடியதில் 1980-களின் இறுதிக்குள் குவாம் மீன்கொத்தி காட்டில் இல்லாமல் போனது. செத்த எலிக்குஞ்சுக்குள் 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைத்து இன்றும் அந்தப் பாம்பைக் கொல்கிறார்கள். வெளியேறும் சரக்கை நாய்கள் மோப்பம் பிடிக்கின்றன. அன்று இறக்குமிடத்தில் செய்யாத சோதனைக்கு இத்தனை ஆண்டு உழைப்பு.

ஆகவே, ஒரு நாட்டில் அயல் வேட்டையாடி பிடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளுக்குத் தகவல் போக வேண்டும் என்று எழுதுங்கள். இனத்தின் பெயர் மட்டும் போதாது. பெட்டக எண், கடைசியாகத் தொட்ட துறைமுகங்கள், சரக்கு ஏற்றிய கிடங்கு மூன்றும் வேண்டும். கிடங்கின் பெயர் இல்லாவிட்டால், அங்கிருந்து ஏற்கெனவே கிளம்பிவிட்ட மற்றப் பெட்டகங்களை எங்களால் நிறுத்த முடியாது.

இப்படிக்கு,
உயிரிப் பாதுகாப்பிலும் சரக்குச் சோதனையிலும் பணிபுரிவோர்