ராயபுரம் முதல் காசிமேடு வரை: ஞாயிறு ஒளிப்பட நடை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 5.30 மணிக்கு, 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலைய வாசலில் கூடி, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை அவரவர் விருப்பப்படி தனித்தனியே நடந்து படமெடுத்து, 8 மணிக்குத் துறைமுக நுழைவாயிலில் மீண்டும் சந்திக்கிறோம்.

1. கைப்பேசிக் கேமராவே போதும். ஆனால் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் பனிக்கட்டி நீரும் செதிலும் சேர்ந்து தரை வழுக்கும் என்பதால், பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

2. யாரையும் அனுமதி கேட்ட பிறகே படமெடுக்க வேண்டும். விலை பேசும் நேரத்தில் குறுக்கே நிற்பது அவர்களின் பிழைப்பைக் கெடுக்கும்.

3. தனியே நடக்கையில் நீங்கள் கேட்க விரும்பும் பாட்டு ஒன்றை, அது கானாவானாலும் கர்நாடக இசையானாலும், ஒரே ஒரு படத்துடன் அன்றிரவு குழுவில் பகிரவும். (சாலையில் இயர்போன் வேண்டாம், மீன் வண்டிகள் நமக்காக நிற்பதில்லை.)

வர விரும்புவோர் வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கே பெயரைப் பதிவிடவும்.