திட்டுகிற மனசிடம் கேட்டுப் பார்

அன்புக் கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மெயிலை நாலைந்து தடவை படித்துப் பார்த்து அனுப்புகிறாய். அனுப்பிய பிறகும் "இதுகூட ஒழுங்கா வரலை" என்று உள்ளே ஒரு மனசு திட்டுகிறது. அது தாங்காமல் விடிய விடிய ரீல்ஸ் பார்க்கிறாய்.

திட்டுகிற அந்த மனசு மட்டுமே நீ இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற குடும்ப சிகிச்சை நிபுணரிடம், 1980களில், அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் நோயோடு பலர் வந்தார்கள். ஒரு மனசு சாப்பிடச் சொல்கிறது, இன்னொரு மனசு திட்டுகிறது என்கிற மாதிரியே பேசினார்கள். ஒரே வீட்டு ஆட்கள் போல அவை மல்லுக்கு நிற்பதை அவர் கவனித்தார். அடக்கப் பார்த்தால் இன்னும் முரண்டு பிடித்தன. காதுகொடுத்துக் கேட்டபோதுதான் இளகின.

அவர் கணக்கில், இந்த மனசுகளில் வலி வராமல் முன்கூட்டியே காவல் காப்பவர் மேலாளர். வலி கிளம்பியதும் எதையாவது செய்து அணைக்க ஓடிவருபவர் தீயணைப்பு வீரர். இவர்கள் இருவரும் ஒளித்துவைத்திருப்பது காயப்பட்ட ஒரு குழந்தையை. உன் திட்டு மேலாளர், ரீல்ஸ் தீயணைப்பு. குழந்தை யார்? ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் உன் நோட்டைத் தூக்கிக் காட்ட, வகுப்பே சிரித்ததே. அந்தப் பக்கத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துச் சீருடைப் பாக்கெட்டில் திணித்திருந்தாய். துவைக்கப் போட்டபோதுதான் பார்த்தேன். அதுதானா என்று உனக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை திட்டு ஆரம்பித்தால் வாயை அடைக்காதே. உடம்பில் எங்கே அழுத்துகிறது, தொண்டையிலா நெஞ்சிலா என்று பார். "நீ திட்டாமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாய்?" என்று கேள். உடனே பதில் வராது, சரி, இரு. கேட்கும்போதே எரிச்சல் வந்தால் அதுவும் ஒரு மனசுதான். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல். இத்தனைக்கும் அடியில், பதறாமல் பரிவோடு கேட்கத் தெரிந்த நீ இருக்கிறாய், அது சேதமாவதில்லை என்கிறார் ஷ்வார்ட்ஸ். உன்னை வளர்த்தவள் நான், அதை முழுசாக நம்புகிறேன்.

அந்தக் குழந்தையிடம் மட்டும் தனியாகப் போகாதே. பழைய வலி மொத்தமாகப் பொங்கினால் தாங்குவது கஷ்டம். பயிற்சி பெற்ற கவுன்சிலர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ராத்திரியில் ரொம்ப முடியவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அப்புறம் எனக்கும் போன் போடு. மணி பார்க்காதே.

அம்மா