அடி வாங்கும் ஹீரோக்களுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தரவேண்டிய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொகுப்புகள் என்று போன வாரம் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். முழுக்க இருட்டு, மழை, பழிவாங்கல். மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்பே அங்கே பழைய 'இரும்புக்கை மாயாவி' காமிக்ஸ் தேடி அலைந்தவன் நான். மாயாவிக்கு ஷாக் அடித்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்பதை நம்பி, பிளக்கில் விரல் விடப்போய் அம்மாவிடம் அடி வாங்கியதும் உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன், சிரிக்க வைக்கும் தொகுப்பு ஒன்றைக்கூட நீங்கள் சேர்க்காதது அநியாயம்.

என் தேர்வு, அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி 1987-இல் தொடங்கிய 'ஜஸ்டிஸ் லீக்' என்ற சூப்பர் ஹீரோ கூட்டணிக் கதை. கீத் கிஃபனும் ஜே.எம். டிமாட்டீஸும் எழுத, கெவின் மகுவைர் வரைந்தது. ஏழாவது இதழில் பெயரோடு 'இன்டர்நேஷனல்' சேர்ந்துகொண்டது. உலகத்தைக் காப்பாற்றும் வேலை ஒரு பக்கம், யார் பெரியவன் என்ற சண்டை மறுபக்கம். ஐந்தாவது இதழில் வாய்ச்சவடால் கய் கார்ட்னர் தனக்குச் சக்தி தரும் பச்சை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு பேட்மேனைச் சண்டைக்கு இழுப்பார். ஒரே குத்து, ஆள் மட்டை! அதைவிட ரசமானது, அந்த நேரம் பார்த்து அங்கே இல்லாமல் போன பிளாக் கேனரி என்ற சக ஹீரோயின், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று புலம்புவது.

மகுவைர் வரைந்த முகங்கள் இருக்கின்றனவே, வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டாலும் யார் கடுப்பில் இருக்கிறார், யார் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்துவிடும். எட்டாவது படிக்கும் என் அக்கா மகளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும். ஆனால் அந்தக் குத்து வரும் பக்கத்தில் "மாமா, செத்தான்!" என்று கத்தினாள். கய் பெண்களிடம் பேசும் பேச்சு மட்டம்தான். கதையே அவரைக் கேலி செய்கிறது என்றாலும், சின்னப் பிள்ளைகளோடு கூட உட்கார்ந்து படிப்பது நல்லது.

முதல் ஏழு இதழ்கள் அடங்கிய ஒல்லிப் புத்தகம் போதும். 9, 10-ஆம் இதழ்கள் 'மில்லெனியம்' என்ற வேறொரு பெருங்கதையோடு பின்னிக்கொண்டவை, தனியாகப் படித்தால் தலையும் புரியாது வாலும் புரியாது.

அப்புறம், பல இதழ்களை ஒன்றாகக் கட்டிய தலையணை சைஸ் 'ஆம்னிபஸ்' புத்தகம் வேண்டவே வேண்டாம். கனத்துக்குப் பயந்து அதை அலமாரியின் அடித்தட்டில்தான் வைப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் முதலில் நனைந்தது அப்படி ஒரு குண்டுப் புத்தகம்தான். வழவழப்பான தாள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டது. கத்தியை விட்டுப் பிரித்தால் ஹீரோவின் முகம் எதிர்ப்பக்கத்தோடு போகிறது. அதே தட்டில் இருந்த பழைய முத்து காமிக்ஸ்களை மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்தேன். நெளிந்துபோனாலும் படிக்க முடிகிறது.

ஜஸ்டிஸ் லீக் எப்படித் தப்பித்தது என்கிறீர்களா? அன்று அது அக்கா வீட்டில் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய காமிக்ஸ் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை-81